தொட்டி மிளகாய்ச் செடியில இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, கொழுந்து சுருண்ட கேஸ்: முழு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திறந்த மொட்டைமாடியில 16 க்ரோ பேக்ல மிளகாய் வளர்த்துட்டிருந்த ஒருத்தங்களோட கேஸ் இது. பேர், ஊர் எதுவும் போடல, அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். தொட்டியில செடி வைக்கிறவங்க கிட்ட திரும்பத் திரும்ப இதே குழப்பத்தைப் பாக்குறேன், அதனால ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் விட்டுப்போகாம பதிவு பண்றேன்.

பேக் ஒவ்வொண்ணும் சுமார் 15 லிட்டர். கலவையில பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி தோட்டத்து மண்ணும் மண்புழு உரமும். நல்ல வெயில் படுற இடம். தண்ணி போர் தண்ணி, தினமும் காலையில ஒரு மக். தரை நனையக்கூடாதுன்னு 10 பேக்குக்கு அடியில பிளாஸ்டிக் தட்டு வச்சிருந்தாங்க, மீதி 6 பேக்குக்கு தட்டு பத்தலைன்னு வெறும் தரையில இருந்துச்சு. இந்த தட்டு விஷயத்தை அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க, ஆனா பின்னாடி இதுதான் பெரிய துப்பா ஆச்சு.

முதல் ரெண்டு மாசம் செடி அருமையா வந்துச்சு. பூ எடுக்குற சமயத்துலதான் இலை கெட ஆரம்பிச்சது.

என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி நடந்தது

முதல்ல தெரிஞ்சது மஞ்சள். மஞ்சளானா உரம் பத்தலைன்னு எல்லாரும் சொல்றதுதான், அவங்களும் அப்படியே 19:19:19 கரையும் உரத்தை வாரம் ஒரு தடவைங்கறதை ரெண்டு தடவையா ஆக்கினாங்க. மஞ்சள் போகல. அப்புறம் யாரோ மக்னீசியம் குறைபாடுன்னு சொல்ல எப்சம் சால்ட் கரைச்சு வேர்ல ஊத்தினாங்க, இலையிலயும் அடிச்சாங்க. அதுக்கும் போகல, இப்ப புதுசா கீழ் இலையெல்லாம் ஓரம் கருக ஆரம்பிச்சது. அந்த நேரத்துலயே சுவர் மூலையில இருந்த நாலு செடியில கொழுந்து சுருள, "இது வைரஸ்தான், வெள்ளை ஈ பரப்புது, இமிடாகுளோபிரிட் அடி"ன்னு அடுத்த ஆலோசனை. அதையும் அடிச்சு, அது முடிஞ்சு வேப்பெண்ணெயும் அடிச்சு, அதுக்கப்புறமும் சுருட்டல் கூடிக்கிட்டே போனப்பதான் என்னைக் கூப்பிட்டாங்க.

இதுல அவங்க மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. செடி மேல அக்கறை இருக்கிறவங்கதான் இவ்வளவு ஓடுவாங்க. ஆனா நான் போறப்ப அந்த செடிங்க மேல நாலு விதமான மருந்தும் உரமும் ஏறியிருந்துச்சு, எது நோய் எது வைத்தியத்தோட விளைவுன்னு பிரிச்சுப் பாக்குறதே முதல் வேலையா இருந்துச்சு.

செடியில பாத்தது

எந்த இலைப் பிரச்சினையா இருந்தாலும் நான் முதல்ல கேக்குறது ரெண்டே கேள்வி. செடியில எந்த இடத்துல ஆரம்பிச்சது, மேல புது இலையிலயா, கீழ பழைய இலையிலயா? அடுத்தது, எல்லா தொட்டியிலயும் ஒரே மாதிரி இருக்கா, இல்ல அங்கங்க திட்டா இருக்கா?

முதல் கேள்வி ஏன் முக்கியம்னா, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் இதெல்லாம் செடிக்குள்ள நகரக்கூடிய சத்து. குறைஞ்சா செடி பழைய இலையில இருந்து உருவி புது இலைக்கு அனுப்பிடும், அதனால கீழ் இலைதான் முதல்ல காட்டும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்புச்சத்து, போரான் மாதிரியானதை அப்படி சுலபமா நகர்த்த முடியாது, அதனால குறைஞ்சா கொழுந்துலதான் தெரியும். ரெண்டாவது கேள்வி தண்ணி, கலவை மாதிரி எல்லா தொட்டிக்கும் பொதுவான காரணத்தையும், பூச்சி நோய் மாதிரி ஒரு இடத்துல தொத்தி பரவுற காரணத்தையும் பிரிச்சுக் காட்டும்.

இந்த ரெண்டு கேள்வியோட 16 பேக்கையும் ஒவ்வொண்ணா பாத்தப்ப, இது ஒரு பிரச்சினை இல்ல, மூணு பிரச்சினை ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்குன்னு புரிஞ்சது.

மஞ்சள், எல்லா பேக்லயும் இருந்துச்சு, எல்லாத்துலயும் மேல் இலையிலதான். நரம்பு மட்டும் பச்சையா வலை மாதிரி தெளிவாத் தெரிய, நடுவுல மஞ்சள். ரொம்ப புது இலை கிட்டத்தட்ட வெளுத்தே போயிருந்துச்சு. மக்னீசியம் குறைபாட்டுலயும் நரம்பு பச்சையா நடுவுல மஞ்சளாத்தான் இருக்கும், ஆனா அது கீழ் இலையில ஆரம்பிக்கணும். இங்க கீழ் இலை நடுப்பகுதி நல்ல பச்சை. புது இலையில இப்படி வந்தா அது இரும்பு குறைபாட்டோட அடையாளம், மக்னீசியம் கொடுக்குற எப்சம் சால்ட் ஏன் வேலை செய்யலைங்கறதுக்கு இதுதான் காரணம்.

ஓர கருகல், கீழ் இலையில, நுனியில ஆரம்பிச்சு ஓரமா உள்ள வந்துட்டிருந்துச்சு. இது தட்டு வச்ச 10 பேக்ல கடுமையா, தட்டு இல்லாத 6 பேக்ல லேசா. அதே பேக்கோட விளிம்புல, கலவை காய்ஞ்சு பேக்கை விட்டு விலகுற இடத்துல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு, நகத்தால சுரண்டினா பொருக்கா உரிஞ்சு வந்துச்சு. தட்டுல தேங்கி காய்ஞ்ச இடத்துலயும் அதே வெள்ளை வளையம். அதாவது வடிஞ்ச உப்பு வெளிய போகாம அங்கயே தங்கியிருக்கு.

சுருட்டல், மூலையில இருந்த நாலு செடியில மட்டும். அதுல மூணு செடியில இலை கீழ்நோக்கி, கவுத்த படகு மாதிரி மடங்கியிருந்துச்சு, காம்பு வழக்கத்தை விட நீளமா, இலை குறுகலா. இலையைத் திருப்பினா அடிப்பக்கம் வெண்கல நிறத்துல பளபளன்னு, தொட்டா விறைப்பா. மிளகாய்ல இலைப்பேன்னா இலை பெரும்பாலும் மேல்நோக்கிதான் சுருளும். கீழ்நோக்கி மடங்கி காம்பு நீண்டா நான் முதல்ல சந்தேகப்படறது மஞ்சள் சிலந்திப்பேனைத்தான். நாலாவது செடி மட்டும் வேற மாதிரி: இலை மேல்நோக்கி சுருண்டு, ரொம்ப சின்னதாகி, நரம்பு தடிச்சு, கணு கணுவா நெருங்கி குட்டையா நின்னுட்டிருந்துச்சு.

சிலந்திப்பேன் சாதாரண கண்ணுக்குத் தெரியாது, 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதனால விரிஞ்சும் விரியாத ஒரு கொழுந்து இலையைக் கிள்ளி, அடிப்பக்கத்தை லென்ஸ்ல நரம்போரமா பாத்தோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல, அப்புறம் கண்ணாடி மாதிரி மங்கலான மஞ்சள்ல ஒண்ணு வேகமா ஓடுச்சு, அடுத்து இன்னொண்ணு. பக்கத்துல முட்டை, நீள்வட்டமா, மேல வரிசை வரிசையா வெள்ளைப் புள்ளி வச்சிருந்துச்சு. அந்த புள்ளி வச்ச முட்டையைப் பாத்துட்டா அப்புறம் சந்தேகமே வேண்டாம். மூணு செடியிலயும் இருந்துச்சு. நாலாவது செடியில எவ்வளவு தேடியும் பேனோ முட்டையோ இல்ல.

இமிடாகுளோபிரிட் ஏன் கேக்கலைன்னும் இங்கதான் விளங்குச்சு. அது சாறு உறிஞ்சுற பூச்சிக்கான மருந்து, சிலந்திப்பேன் பூச்சி இனமே கிடையாது, எட்டுக்கால் இனம், அதுக்கு அது வேலை செய்யாது. சொல்லப்போனா இந்த மாதிரி மருந்து சிலந்திப்பேனைத் தின்னுற நல்ல உயிர்களையும் பாதிக்கும், அதனால பேன் கூடக்கூட வாய்ப்பு இருக்கு.

அளந்து பாத்தது

அவங்க கிட்ட மண்ணுல குத்துற ரெண்டு கம்பி மீட்டர் ஒண்ணு இருந்துச்சு, எந்த பேக்ல குத்தினாலும் பிஎச் (அமில-கார அளவு) 7ன்னே காட்டுச்சு. கோகோபீட் கலவையில இந்த மாதிரி மீட்டரை நான் நம்புறதே இல்ல. பிஎச் 4, 7ன்னு அளவு தெரிஞ்ச பஃபர் கரைசல்ல சரிபண்ணின, முக்கி பாக்குற பிஎச் மீட்டரும், தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற ஈசி மீட்டரும் எடுத்துட்டுப் போயிருந்தேன்.

செஞ்ச முறை ரொம்ப சிம்பிள். பேக்குக்கு நல்லா தண்ணி விட்டு, ஒரு மணி நேரம் வடியவிட்டு, மேல கொஞ்சம் சுத்தமான டிஸ்டில்டு தண்ணி ஊத்தி, அடியில முதல்ல வர்ற கொஞ்சத்தை மட்டும் பிடிச்சு அளக்குறது. புதுசா ஊத்தின தண்ணி வேரைச் சுத்தி இருக்குற பழைய தண்ணியைத் தள்ளிட்டு வரும், அதனால வேர் என்ன குடிச்சிட்டிருக்குன்னு ஓரளவுக்குத் தெரியும்.

தட்டு வச்ச பேக்ல ஈசி 4.8 மில்லிசீமென்ஸ், தட்டு இல்லாத பேக்ல 2.7. பிஎச் ரெண்டுலயும் 7.8, 7.9 சுத்தி. போர் தண்ணியைத் தனியா அளந்தா ஈசி 1.3, பிஎச் 7.6. மீன் தொட்டிக்காரங்க வச்சிருக்குற காரத்தன்மை கிட்ல துளி எண்ணிப் பாத்தா, காரத்தன்மையைக் கொடுக்குற பைகார்பனேட் ரொம்ப அதிகம். தண்ணியோட பிஎச்சை விட இந்த காரத்தன்மைதான் முக்கியம், ஏன்னா தினமும் ஊத்த ஊத்த கலவையோட பிஎச்சை மேல ஏத்துறது இதுதான். நிலத்துல இருக்குற மண்ணு இதை ரொம்ப நாள் தாங்கும், 15 லிட்டர் பேக் தாங்காது.

மிளகாய் உப்பைத் தாங்குற செடியும் இல்ல. மண் சாறுல (மண்ணை தண்ணியில குழைச்சு வடிச்சு எடுக்குறது) ஈசி 1.5 தாண்டினாலே விளைச்சல் குறைய ஆரம்பிக்கிற வகை. நாங்க பிடிச்ச வடிகால் தண்ணி அளவு அந்த மண் சாறு அளவை விட எப்பவும் கூடத்தான் காட்டும், ரெண்டையும் நேரா ஒப்பிட முடியாது, ஆனா 4.8ங்கறது எப்படி பாத்தாலும் அதிகம்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

எல்லா உரத்தையும் நிறுத்துனதுதான் முதல் முடிவு. இலை மஞ்சளா இருக்குற நேரத்துல உரத்தை நிறுத்தச் சொன்னா யாருக்கும் மனசு ஒப்பாது, அவங்களுக்கும் ஒப்பல. கலவையில இரும்பு இல்லாம இல்ல, பிஎச் 7க்கு மேல போனதால கரையாம கிடக்கு, மேல மேல உரம் போட்டா ஓரம் கருகுறதுதான் கூடும்னு மீட்டர் எண்ணைக் காட்டி விளக்கினப்புறம் ஒத்துக்கிட்டாங்க.

அடுத்தது அலசுறது. தட்டையெல்லாம் எடுத்துட்டு பேக்கை செங்கல் மேல ஏத்தி, சேர்த்து வச்ச மழைத்தண்ணியால பேக் கொள்ளளவுல ரெண்டு மடங்கு, மெதுவா, விட்டு விட்டு. போர் தண்ணியால அலசினாலும் உப்பு குறையும், ஆனா காரத்தன்மை அப்படியேதான் நிக்கும். ஒரே தடவை கொட்டினா தண்ணி ஓரமா வழிஞ்சு ஓடிடும், நடுவுல இருக்குற உப்பு அங்கயே இருக்கும், அதனாலதான் மெதுவா. 2 பேக்கை மட்டும் அலசாம அப்படியே விடச் சொன்னேன், ஒப்பிட்டுப் பாக்க. அவங்களுக்கு அது கஷ்டமா இருந்துச்சு, ஆனா அந்த 2 பேக் இல்லைன்னா எது வேலை செஞ்சதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது.

இரும்பு உரத்துல, இரும்பு கரையாம போயிடாம பிடிச்சு வைக்குற பொருளை வச்சுதான் வகை பிரிப்பாங்க, அவங்க கிட்ட இருந்தது ஈடிடிஏ வகை. அது பிஎச் 6.5க்கு மேல இரும்பைப் பிடிச்சு வைக்காது, 7.9ல போட்டா வீண். டிடிபிஏ வகை 7.5 வரைக்கும் தாங்கும். அதனால ஈடிடிஎச்ஏ வகை வாங்கச் சொன்னேன், கரைச்சா அடர் சிவப்பா இருக்கும், காரமான கலவையிலயும் நிக்கும். அலசி முடிச்சு ரெண்டு நாள் கழிச்சு, பாக்கெட்ல போட்ட அளவுல பாதி, வேர்ல மட்டும்.

தண்ணிக்கு ஆசிட் சேர்க்கலாமான்னு பேசினோம். பெரிய பண்ணைகள்ல செய்யுறதுதான், ஆனா வீட்ல சின்ன பசங்க இருக்குற இடத்துல ஆசிட் பாட்டில் வேண்டாம்னு அவங்க சொன்னது சரியான முடிவுன்னு நினைக்கிறேன். அதுக்கு பதிலா போர் தண்ணியும் மழைத்தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து விடுறதுன்னு வச்சுக்கிட்டோம், தினமும் ஒரு மக் இல்லாம, தேவைப்படுறப்ப மட்டும், அடியில கொஞ்சம் வடியுற அளவுக்கு.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம். ஆனா வேப்பெண்ணெய் அடிச்சு நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு, எண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிச்சா இலை வெந்துரும். அதனால முதல்ல நாலு செடியையும் தனியா எதிர்மூலைக்கு மாத்தி, மோசமான கொழுந்தையெல்லாம் கிள்ளி கவர்ல கட்டி அப்புறப்படுத்தி, அதுவரைக்கும் பொட்டாசியம் சோப்பு கரைசலை இலையோட அடிப்பக்கம் நனையுற மாதிரி அடிச்சாங்க. இந்த பேன் வெள்ளை ஈயோட கால்ல தொத்திக்கிட்டு செடி விட்டு செடி போகும், அதனால மஞ்சள் ஒட்டு அட்டையும் தொங்கவிட்டோம். கெடு முடிஞ்சதும் லிட்டருக்கு 3 கிராம் கந்தகம், சாயங்காலம், வெயில் 32 டிகிரிக்குக் கீழ இறங்கினப்புறம். பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை.

நாலாவது செடியைப் பொறுத்தவரை, கொழுந்தைக் கிள்ளிட்டு புதுத் தளிர் எப்படி வருதுன்னு பாத்து முடிவு பண்ணலாம்னு விட்டோம், வலைத் துணி போட்டு மூடி.

அப்புறம் நடந்தது

அலசின பேக்ல ஈசி 4.8ல இருந்து 1.9க்கு வந்துச்சு. பிஎச் அவ்வளவு சீக்கிரம் இறங்கல, 7.4ல நின்னு, அப்புறம் வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்குச்சு. இரும்பு கொடுத்து ஒரு வாரம், பத்து நாள்ல வந்த புது இலை பச்சையாவே வந்துச்சு. ஏற்கெனவே மஞ்சளான இலையில சிலது ஓரளவு பச்சை திரும்புச்சு, ரொம்ப வெளுத்தது திரும்பல. கருகின ஓரம் எதுவும் ஆறல, அது ஆறவும் ஆறாது, கருகல் புது இலைக்கு ஏறுதா இல்லையான்னு மட்டும்தான் பாக்கணும். ஏறல.

அலசாம விட்ட 2 பேக்லயும் அதே நாள்ல இரும்பு கொடுத்திருந்தோம். அதுலயும் மேல் இலை பச்சையாச்சு, ஆனா ஓர கருகல் நடு இலை வரைக்கும் ஏறி, பூவும் கொட்ட ஆரம்பிச்சது. மஞ்சளும் கருகலும் ரெண்டும் வேற வேற காரணம்ங்கறதுக்கு இதை விட தெளிவான சான்று கிடைக்காது. அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்னு அதையும் அலசிட்டோம்.

நடுவுல ஒரு பதட்டம் வந்துச்சு. அலசி மூணாவது வாரம் கீழ் இலையெல்லாம் வெளிர்ந்து போச்சுன்னு போட்டோ அனுப்பினாங்க, திரும்ப ஆரம்பிச்சிருச்சுன்னு ரொம்ப வருத்தமா பேசினாங்க. ஆனா இந்த தடவை மஞ்சள் கீழ, நரம்பு உட்பட முழு இலையும் ஒரே சீரா வெளிர்ந்திருந்துச்சு, மேல் இலை பச்சை. அது தழைச்சத்து குறைபாடு, அலசினப்ப கரைஞ்சு போனது, எதிர்பார்த்ததுதான். கால்சியம் நைட்ரேட் கொடுக்கலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன், அந்த தண்ணியிலயே சுண்ணாம்புச்சத்து நிறைய இருக்கு, அதோட நைட்ரேட் வகை உரம் வேர் பக்கம் பிஎச்சை மேலதான் தள்ளும். அவங்க கிட்ட இருந்த 19:19:19ல யூரியாவும் அமோனியா வகையும் இருக்கு, அது கொஞ்சம் கீழ இறக்கும். அதையே கால் அளவு, வாரம் ஒரு தடவை. ரெண்டு வாரத்துல வெளிர்றது நின்னுச்சு.

சிலந்திப்பேன் செடிதான் பொறுமையை சோதிச்சது. கந்தகம் ரெண்டாவது தடவை அடிச்சு லென்ஸ்ல பாத்தா உயிரோட ஒண்ணும் இல்ல, முட்டையும் சுருங்கிப் போச்சு, ஆனா வர்ற தளிர் இன்னும் மடங்கியேதான் வந்துச்சு. இந்த பேன் உறிஞ்சுறப்ப உள்ள விடுற நச்சு, பேன் செத்த பிறகும் சில வாரம் தளிரைக் கோணலாக்கும். இது தெரியாம மருந்து கேக்கலைன்னு திரும்பத் திரும்ப அடிக்கிறவங்கதான் அதிகம். லென்ஸ்ல சுத்தமா இருந்ததால மூணாவது தடவை அடிக்க நான் விடல. ஒரு மாசம் நெருங்குறப்ப தட்டையான, அகலமான இலை வந்துச்சு. அந்த காலத்துல பிடிச்ச காய் எல்லாம் தோல் சொரசொரன்னு பழுப்பா இருந்துச்சு, அடுத்த காய்ப்பு நல்லா இருந்துச்சு.

நாலாவது செடியில கிள்ளின இடத்துல வந்த தளிரும் அதே மாதிரி மேல சுருண்டு, சின்னதா, நரம்பு தடிச்சே வந்துச்சு. லேப் டெஸ்ட் பண்ணல. ஆனா பேன் இல்ல, உரமும் உப்பும் மத்த செடி மாதிரியே சரியாச்சு, மத்ததெல்லாம் தெளிஞ்சும் இது மட்டும் தெளியல, வெள்ளை ஈயும் அட்டையில சிக்குச்சு. வைரஸ்னே வச்சுக்கிட்டு வேரோட பிடுங்கி, கவர்ல கட்டி எடுத்தாச்சு. வைரஸ்க்கு மருந்து கிடையாது, ஒரு செடிக்காக 15 செடியை ஆபத்துல வைக்க முடியாது. அவங்களுக்கு அது விதையில இருந்து வளர்த்த செடி, அன்னைக்கு ரொம்ப நேரம் பேசாமயே இருந்தாங்க.

அடுத்த தடவை மாறப்போறது

தண்ணியை அளந்துட்டுதான் கலவையே போடணும்னு முடிவாகியிருக்கு. இந்த தண்ணிக்கு மண்புழு உரம் கொஞ்சம் குறைச்சு, கோகோபீட்டை முன்னாடியே நல்லா அலசிட்டு சேர்க்கப்போறாங்க. தட்டு இனி கிடையாது, செங்கல்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது மூணு பேக்ல வடிகால் தண்ணி பிடிச்சு ஈசி பாத்து, 2.5 தாண்டினா அந்த வாரம் உரம் இல்லாம அலசுறது மட்டும்.

மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி லென்ஸ்ல இலை அடி பாக்குறது, அடிச்ச தேதியை பேக்லயே மார்க்கர்ல எழுதுறது. வேப்பெண்ணெய் தேதி மட்டும் அவங்களுக்கு ஞாபகம் இல்லாம இருந்திருந்தா கந்தகம் அடிச்சு மூணு செடியையும் வேக வச்சிருப்போம்.

என் பக்கம் மாத்திக்கப்போறது ஒண்ணு. சந்தேகமான செடியில இருந்து பிடுங்குறதுக்கு முன்னாடி இளம் இலை எடுத்து வைரஸ் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லப்போறேன், செடியைக் காப்பாத்த இல்ல, அதோட விதையையும் பக்கத்து செடிங்களையும் என்ன பண்றதுன்னு முடிவெடுக்க. அந்த செடியில இருந்து ஏற்கெனவே எடுத்து வச்ச விதையை இப்போதைக்கு தனி கவர்ல போட்டு, விதைக்காம வச்சிருக்காங்க.